சாய்ந்த மரத்தை விட்டோம், நிமிர்ந்த மரத்தை வெட்டினோம்

எங்கள் கோயில் வளாகத்தில் இரண்டு பெரிய மரங்கள் இருந்தன. ஒன்று தூங்குமூஞ்சி, பர்மியர்கள் குக்கோ என்பார்கள். இன்னொன்று வாசலோரத்து மாமரம். தூங்குமூஞ்சியின் சாய்வைப் பார்த்தால் புது ஆட்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். மாமரம் ஏறக்குறைய நிமிர்ந்தே நின்றது. கமிட்டிக் கூட்டத்தில் மரப் பேச்சு எடுத்தபோது எல்லார் கையும் தூங்குமூஞ்சியைத்தான் காட்டியது. கடைசியில் வெட்டியது மாமரத்தை. ஏன் அப்படி என்று பக்கத்து ஊர்க் கோயில்காரர்கள், வீட்டுக் கொல்லையில் பெரிய மரம் வைத்திருப்பவர்கள் என்று பலரும் கேட்டுவிட்டார்கள். வாயால் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது மியான்மரில், யாங்கூனை ஒட்டிய தன்லின். பழைய ஆட்களுக்கு அது இன்னும் சிரியம்தான். கோயில் இருப்பது ஊரின் தாழ்வான பக்கம், முன்பு நெல் விளைந்த நிலம். யாங்கூன் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை. பெரும்பாலும் மே நடுவில் தொடங்கி அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மாதங்களில் எங்கள் களிமண்ணில் காலை வைத்தால் செருப்பு மட்டும் உள்ளே தங்கிவிடும். மரத்தின் வேர் அந்தச் சேற்றைப் பிடித்துக்கொண்டுதான் காற்றைத் தாங்க வேண்டும்.

மரம் என்றாலே இங்கே எல்லாருக்கும் நர்கிஸ் ஞாபகம் வரும். 2008 மே 2 அன்று ஐராவதி ஆற்று டெல்டாவில் கரையேறிய புயல், மறுநாள் விடிகாலையில் யாங்கூன் பக்கம் வந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேருக்கு மேல், பெரும்பாலும் டெல்டாவில். யாங்கூனில் மழைக்காலம் சரியாகத் தொடங்கும் முன்பே தெருத்தெருவாக மரங்கள் வேரோடு படுத்தன. பிக்குகளும் தெருக்காரர்களும் கையில் கிடைத்த அரிவாள், ரம்பத்தோடு இறங்கி வழி வெட்டியதைப் பார்த்தவர்கள்தான் இன்று எங்கள் கமிட்டியில் இருக்கிறார்கள். அதனால் சாய்ந்த மரம் என்றதும் பயப்படுவதில் தப்பில்லை.

பொருளாளர் அண்ணன்தான் ஆரம்பித்தார். “போன வருசத்தை விட இப்ப சாய்வு கூடிப்போச்சு. சமையல் கொட்டகை மேல விழுந்தா யாரு பதில் சொல்றது?” உடனே ஒரு பெரியவர், “முனி நிக்கிற மரத்துல ரம்பம் வைக்கிறதா? பாத்துப் பேசுங்கப்பா” என்றார். வெட்டணும், வெட்டக் கூடாது என்று ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு தரப்பிலும் ஒருவர்கூட எழுந்துபோய் மரத்தடியைப் பார்த்துவிட்டு வந்து பேசவில்லை. மரம் ஐம்பதடி தூரத்தில் நிற்கிறது!

எனக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. கட்டட வேலை மேற்பார்வையில் பல வருடம் இருந்தவன். அஸ்திவாரம் தோண்டும் இடத்திலெல்லாம் மரம் ஒரு பிரச்சினையாக வரும், அப்போது மரம் வெட்டும் சயாக்கள் (தொழில் தெரிந்த ஆசான்களை பர்மியில் சயா என்பார்கள்) சிலரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. அவர்கள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கேட்கவே மாட்டார்கள். எப்போதிலிருந்து சாய்ந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இதற்குப் பதில் சொல்ல ஆட்களின் ஞாபகம் உதவாது. பயம் வந்த பிறகு பார்த்தால் எந்த மரமும் நேற்றைவிட இன்று சாய்ந்ததாகத்தான் தெரியும். பழைய புகைப்படங்களைத் தேடினோம். கோயில் பெட்டியில் நர்கிஸுக்கு முந்தைய தீமிதித் திருவிழாப் படம் ஒன்று கிடைத்தது. மஞ்சள் வேட்டிக்காரர்களுக்குப் பின்னால் தூங்குமூஞ்சி, அதே கோணத்தில், அதே பக்கமாக. தண்டு மட்டும் ஒல்லி. வீட்டில் கல்யாணப் படம், காதுகுத்துப் படம் எதிலாவது உங்கள் மரம் பின்னணியில் நிற்கும். தேடிப் பாருங்கள்.

மரத்தின் உருவமே இன்னொரு சாட்சி. சின்ன வயதிலிருந்து வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து வளர்ந்த மரம் அடியில் சாய்ந்திருந்தாலும் மேலே போகப் போக நிமிரும். தண்டு வில்லாக வளைந்திருக்கும். அப்படி வளரும் மரம் சாய்வுக்கு ஏற்றபடி தன்னைக் கட்டிக்கொண்டே வருகிறது. தூங்குமூஞ்சி, மா போன்ற அகல இலை மரங்களில் சாய்வின் மேல்பக்கத்தில் இழுவிசை தாங்கும் தனி வகைக் கட்டை உருவாகும். வேரும் அந்தப் பக்கம் தடித்து நீளும். நேராக வளர்ந்து முடித்த பிறகு சாய்ந்த மரத்திலோ வளைவே இருக்காது. அடி முதல் நுனி வரை ஒரே நேர்கோடு, அப்படியே சரிந்து நிற்கும். இரண்டாவது வகையைக் கண்டால் அன்றைக்கே அதன் கீழ் போவதை நிறுத்த வேண்டும். எங்கள் தூங்குமூஞ்சி முதல் வகை. நர்கிஸைத் தாங்கியதும் நல்ல விஷயம்தான். ஆனால் அதையே சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. அன்றைக்கு இருந்த தலைப்பாரம் வேறு, இன்றைக்கு இருப்பது வேறு.

அடுத்து அடிமரம். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், காலையில் தலைக்கு மேல் வெயில் ஏறும் முன். பெரிய மரத்தின் வேர் பாதாளம் வரை போகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான வேர்கள் மேல் மண்ணில் இரண்டடிக்குள்தான் ஓடும், கிளைகள் விரிந்த குடைக்கு வெளியேயும் வெகு தூரம் போகும். எங்கள் தூங்குமூஞ்சியைச் சுற்றி யாரோ ஒரு தர்மகர்த்தா காலத்தில் சிமென்ட் மேடை கட்டிவிட்டார்கள். மேடையில் கை நுழையும் விரிசல். எல்லாரும் பயந்ததற்கு அதுவும் ஒரு காரணம். விரிசலின் இரண்டு உதட்டிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மட்டம். மரம் பெருத்ததால் மேடையை வெளியே தள்ளிப் பிளந்திருக்கிறது, அவ்வளவுதான். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து உதடு மேலே தூக்கியிருந்தால் வேர் பெயர்கிறது என்று அர்த்தம். விரிசல் ஒன்றுதான், செய்தி இரண்டு.

மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டினோம். ஓரிடத்தில் ‘டொம்’ என்றது. பழைய கிளை முறிந்த பொந்து. சைக்கிள் கம்பியை விட்டுப் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியும். பொந்து இருந்தாலே மரம் போச்சு என்று இல்லை. சுற்றியுள்ள நல்ல கட்டையின் தடிமன், தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது மரம் பார்ப்பவர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. 60 செ.மீ. விட்டமுள்ள தண்டில் 10 செ.மீ. நல்ல சுவர். எங்களுடையதில் தாராளமாக இருந்தது. அடியில் கெட்டியான தட்டுக் காளான் எதுவும் முளைக்கவில்லை. முளைத்திருந்தால் என் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். காளானை உடைத்து எறிந்துவிட்டால் வியாதி போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அது வெளியே தெரிகிற துண்டு, உள்ளே வேர்க்கட்டை அழுகிக்கொண்டே இருக்கும்.

கொஞ்சம் மேலே ஒரு கம்பி. பக்கத்து வீட்டு பர்மிய அம்மா, அவர்கள் கும்பிடும் காவல் தெய்வமான நாட்டுக்குக் கூடு ஒன்றை அந்த மரத்தில் கட்டியிருந்தார், தேங்காயும் சிவப்புத் துணியுமாக. எங்கள் முனியும் அவருடைய நாட்டும் பல வருடமாக ஒரே மரத்தடியில் சண்டையில்லாமல் இருக்கிறார்கள். கட்டிய இரும்புக் கம்பி மட்டும் பட்டைக்குள் புதைந்து மரத்தைக் கழுத்தை நெரிக்க ஆரம்பித்திருந்தது. சொன்னதும் அவரே வந்து கம்பியை வெட்டச் சொன்னார். இப்போது கூடு தனிக் கம்பத்தில் நிற்கிறது. மரத்தில் எதையும் கட்டுவதானால் அகலமான நாடாவாகக் கட்டுங்கள், வருடம் ஒருமுறை அவிழ்த்துத் தளர்த்துங்கள்.

சாய்வை அளப்பது கொத்தனார் வேலை. தண்டில் 2 மீட்டர் உயரத்தில் பெயின்ட் குறி வைத்து, அங்கிருந்து தூக்குக்குண்டை விட்டு, குண்டு தொங்கும் இடத்துக்கும் அடிமரத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். எங்களுக்கு 70 செ.மீ. வந்தது. ஏறக்குறைய 19 பாகைச் சாய்வு. அந்த எண்ணுக்காகப் பயப்பட வேண்டாம். அடுத்த முறை அளக்கும்போது அதே எண் வருகிறதா என்பதே விஷயம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையும் பெரிய காற்றுக்குப் பிறகு ஒருமுறையும், அதே குறியிலிருந்து, காற்றில்லாத நேரத்தில். தேதியோடு நோட்டில் எழுதினோம். எண் அசையவில்லை. பொருளாளர் அண்ணன் அதற்குப் பிறகுதான் வாயை மூடினார்.

சரி, நிற்கிற மரம்தான். இருந்தாலும் ஒருநாள் விழுந்தால்? இங்கே பலரும் மரத்தையே பார்க்கிறார்கள், கீழே இருப்பதைப் பார்ப்பதில்லை. சாய்வின் திசையில் இருந்தது மூங்கிலும் தகரமுமான சமையல் கொட்டகை. நூறு வயதை நோக்கிப் போகிற மரத்தை வெட்ட ஆகும் செலவில் பாதிகூட ஆகாமல் கொட்டகையைப் பிரித்து மேற்குப் பக்கம் போட்டோம். அன்னதான நாளில் புகை சன்னதிக்குள் வருகிறது என்ற பழைய புகாரும் அதோடு தீர்ந்தது. சாய்வுப் பக்கம் இப்போது துளசிச் செடிகளும் வெறும் தரையும்தான். கொட்டகையை நகர்த்தலாம் என்று நான் சொன்னபோது, “மரத்துக்காகக் கட்டடத்தை மாத்துறதா?” என்று சிரித்தவர்கள் உண்டு.

இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் மாமரம் கண்ணில் பட்டது.

வாசலுக்கு வெளியே தெருவோரமாக வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். வெட்டியவர்கள் வழியில் வந்த வேரையெல்லாம் கோடரியால் ஒரே கோட்டில் நறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். தொடை தடிமனில் இருந்த வேர்களின் வெட்டுமுகம் வாய்க்கால் சுவரில் கறுத்துப்போய்த் தெரிந்தது. முழுதாக ஒரு வருடம் மரம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. காய்கூட வழக்கத்தைவிட அதிகமாகப் பிடித்தது, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். கஷ்டத்தில் இருக்கிற மரம் சில நேரம் அப்படித்தான் காய்த்துக் கொட்டும். அடுத்த மழையில் உச்சி இலை சிறுத்தது, நுனிக் குச்சிகள் காய்ந்தன. வாய்க்கால் பக்கத்து மண்ணில் பிறை வடிவில் ஒரு விரிசல், விரல் நுழையும் அகலம். மரம் அதற்கு எதிர்ப்பக்கமாக, மண்டபத்தை நோக்கி, சற்றே தலையைச் சாய்த்திருந்தது. தூக்குக்குண்டில் 15 செ.மீ. கூட இல்லை. தூங்குமூஞ்சியோடு ஒப்பிட்டால் அது சாய்வே அல்ல.

காற்று அடித்த ஒரு மாலையில் விரிசலை ஒட்டி உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். ஒவ்வொரு காற்றுக்கும் மண் கையைத் தூக்கி இறக்கியது. பொருளாளர் அண்ணனையும் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கூடாரத்துக்கு ஒரு பக்கத்து இழுகயிற்றை மட்டும் அறுத்துவிட்டால் என்ன ஆகும்? சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கிறது. வாய்க்கால்காரர்கள் அறுத்தது சரியாக அதைத்தான். மண்டபத்திலோ ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு. அன்றே வகுப்பைச் சன்னதி முன்னால் மாற்றினோம், மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். முட்டுக் கொடுக்கலாம், கம்பி போட்டு இழுத்துக் கட்டலாம் என்றெல்லாம் யோசனை வந்தது. இளங்கன்றுக்கு அது சரி. வேர் பெயர்ந்த முதிர்ந்த மரத்துக்கு முட்டுக் கொடுத்தால் மனசுக்குத்தான் ஆறுதல். அறுந்த வேர் திரும்ப ஒட்டாது.

வார்டு அலுவலகத்தில் சொல்லி ஒப்புதல் வாங்கினோம், அக்கம்பக்கத்தாருக்கும் முன்கூட்டியே தெரிவித்தோம். மாமரம் என்பதால் அதோடு முடிந்தது. தேக்கு என்றால் கதை வேறு. 1992 வனச் சட்டப்படி தேக்கு மரம் எங்கே நின்றாலும் அரசின் சொத்து. 2018-இல் வந்த சட்டம்தான் சொந்தமாக நட்டு வளர்த்தவர்களுக்கு வழி விட்டது. தேக்கு வைத்திருப்பவர்கள் கோடரியைத் தொடும் முன் விசாரித்துவிடுங்கள்.

வெட்டும் வேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் மரம் தானாக விழுந்து அடிபடுவதைவிட வெட்டும்போது அடிபடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் மின்கம்பி. மாமரத்தின் ஒரு கிளை தெருக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாத நேரம்தானே என்று ஏறப் பார்த்தான் ஒரு பையன். நம் ஊரில் கரண்ட் எப்போது வரும் என்று கரண்ட்டுக்கே தெரியாது. யார் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து கம்பிக்குள் பாயும் என்றும் சொல்ல முடியாது. மின்சார அலுவலக ஆள் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகே ஏற வேண்டும்.

வந்த சயா மரத்தை மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் விலை சொன்னார். பார்க்காமல் போனிலேயே விலை சொல்பவரை நான் வேலைக்கு வைப்பதில்லை. சரியும் மரத்தில் ஏறுவதே ஆபத்து என்று மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம் கயிறு போட்டு இழுத்துக் கட்டிய பிறகே ஏறினார். மேலிருந்து துண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். 30 செ.மீ. தடிமனும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கிளையே ஏறக்குறைய 200 கிலோ வரும். “கிளைதானே, தள்ளி விடுப்பா” என்று கீழே நின்று சொல்பவர்களை வாசலுக்கு வெளியே அனுப்பிவிடுவது நல்லது.

கடைசியில் ஆள் உயரத்துக்கு மேல் தண்டு மட்டும் நின்றது. பின்பக்கத்திலிருந்து ரம்பம் போட்டு இழுத்தால் சீக்கிரம் முடியுமே என்றார் எங்கள் பெரியவர் ஒருவர். சயா தலையை ஆட்டினார். சாய்ந்த தண்டைப் பின்னாலிருந்து அறுத்தால், பாதி அறுபடும் முன்னாலேயே அது நெடுக்காகப் பிளந்து, பின்பாதி மேலே எகிறி அறுப்பவர் முகத்துக்கு வரும். அனுபவசாலிகளையே கொன்றிருக்கிறது. அவர் முன்பக்கம் ஆப்பு வெட்டி, நடுவில் ரம்பத்தைக் குத்திச் செலுத்தி, பின்னால் ஒரு பட்டை மட்டும் விட்டுவைத்து, எல்லாரும் விலகிய பிறகு அதை அறுத்தார். இதைப் படித்துவிட்டு யாரும் செய்து பார்க்கக் கூடாது. சாய்ந்த மரம் சொந்தக் கையால் வெட்டுவதற்கு உரியது அல்ல என்பதற்காகத்தான் சொல்கிறேன். புயலில் வேரோடு விழுந்த மரத்திலும் இதே மாதிரி ஒரு கண்ணி உண்டு. தண்டை அறுத்ததும் வேரும் மண்ணுமாக நிமிர்ந்து நிற்கும் தட்டு சடாரென்று குழிக்குள் திரும்ப விழும். குழிக்குள் பிள்ளைகள் இறங்கி விளையாடிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் ஒரு ஆளை நிறுத்திவிட்டே அறுக்க வேண்டும்.

தூங்குமூஞ்சிக்கு மாசி வாக்கில், இலை உதிர்ந்து எலும்பு தெரியும் நேரத்தில் கிளை கழித்தோம். இங்கேயும் ஒரு வாக்குவாதம். உச்சியை மொட்டையடித்துவிட்டால் கவலை விட்டது என்பது பரவலான நம்பிக்கை. மொட்டையடித்த இடத்தில் தண்ணீர் இறங்கி அழுகும். அதைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேல்பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டு வேகமாகத் தடிக்கும். சில வருடத்தில் பழைய பாரம் திரும்பி வரும், பிடிப்பு மட்டும் திரும்பாது. சயா செய்தது வேறு. சாய்வுப் பக்கம் நீண்டுபோன கிளைகளின் நுனியை மட்டும், பின்னால் இருக்கும் ஒரு நல்ல பக்கக் கிளை வரை குறைத்தார். அந்தப் பக்கக் கிளை, வெட்டப்படும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் எடுக்கவே இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் பாரத்தைக் குறைத்தாலே வேருக்குப் பெரிய வித்தியாசம்.

தடித்த கிளையை அறுக்கும்போது முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழிருந்து ஒரு வெட்டு, அதற்கும் சற்றுத் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு. பாரம் போன பிறகு மிச்சத் துண்டை, தண்டோடு சேரும் இடத்தில் உள்ள புடைப்பைத் தொடாமல் அறுத்தார். அந்தப் புடைப்பிலிருந்துதான் காயம் மூடும். தார், பெயின்ட், சாணி எதுவும் பூசவில்லை. பூசுவதால் மரத்துக்கு நன்மை ஒன்றும் இல்லை.

மேடையை உடைத்து மரத்தைச் சுற்றி மண் மூச்சுவிட விட்டிருக்கிறோம். அடிமரத்தில் மண் குவிக்கக் கூடாது, பட்டை அழுகும். தூக்குக்குண்டு அளவு இன்னும் 70-தான். நோட்டு கோயில் அலமாரியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மாமரப் பலகையில் மண்டபத்துக்கு இரண்டு பெஞ்சு செய்தோம். மாங்கட்டையை அறுத்ததும் உடனே நிழலில் அடுக்கிக் காயவைக்காவிட்டால் பூச்சி பிடித்துவிடும். அதைக் கவனிக்காத ஒரு பங்கு விறகாகப் போனது. காலி இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் இப்போது கமிட்டி இரண்டாகி நிற்கிறது. ஒரு பக்கம் வேம்பு என்கிறது, பொருளாளர் அண்ணன் தென்னை என்கிறார். எதை வைத்தாலும் வாய்க்காலையும் மண்டபத்தையும் விட்டுத் தள்ளி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டம் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞான் கழிந்து, மழைக்கு முன்னால்.